துப்பாக்கி கேள்வி பதில்: 105 கிரெய்ன் குண்டு ஏன் பக்கவாட்டில் பறக்கிறது?

கேள்வி: என்னுடையது .243 வின்செஸ்டர் ரைபிள், பேரல் ட்விஸ்ட் 1:10 (உள்ளே உள்ள சுழல் பள்ளம் 10 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று). 100 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டு 100 கஜத்தில் ஒரு அங்குலத்துக்குள் கூடி விழும். தூரத்தில் மான் சுடலாம் என்று நீளமூக்கு 105 கிரெய்ன் வாங்கினேன். எட்டு அங்குலத்துக்குச் சிதறுகிறது, தாளில் ஓட்டையும் நீளமாக விழுகிறது. ஐந்து கிரெய்னில் இவ்வளவு வித்தியாசமா? வெடிமருந்தைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: முதலில் அந்தக் குண்டுகளை எடுத்து ஓரமாக வையுங்கள். அவற்றை வைத்துக்கொண்டு எந்த உயிரையும் குறிபார்க்க வேண்டாம். ஓட்டை நீளமாக விழுந்தால், குண்டு தலைகுப்புறப் புரண்டுகொண்டு போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஐந்து கிரெய்னை விடுங்கள். வெர்னியரை எடுத்து இரண்டு குண்டையும் அளந்து பாருங்கள். சாதாரண 100 கிரெய்ன் சுமார் 1.03 அங்குலம் இருக்கும். உங்கள் நீளமூக்கு 1.25ஐத் தொடும். எடை 5 சதவீதம்தான் கூடியிருக்கிறது, நீளம் 20 சதவீதத்துக்கு மேல். குட்டைப் பம்பரம் மெதுவாகச் சுற்றினாலும் நிற்கும். ஒல்லியாக, உயரமாகக் கடைந்த பம்பரத்துக்கு நல்ல வேகம் வேண்டும். குண்டும் அப்படித்தான். காற்று மூக்கைப் பிடித்துத் தள்ளுகிறது, கனமோ பின்னால் இருக்கிறது. நீளம் கூடக் கூடக் காற்றின் கை ஓங்கும். எந்தக் குண்டுக்கு எவ்வளவு ட்விஸ்ட் வேண்டும் என்று 1879இல் கிரீன்ஹில் எழுதிய பழைய சூத்திரத்தில் குண்டின் விட்டமும் நீளமும்தான் உண்டு, எடை தனியாக வருவதே இல்லை.

இப்போது நான் கணக்குப் போடுவது 2005இல் டான் மில்லர் வெளியிட்ட விதிப்படி. குண்டு புரளாமல் பறக்குமா என்பதை அது ஒரு எண்ணாகச் சொல்லும். விடை 1க்குக் கீழே வந்தால் குண்டு நிலையாகப் பறக்காது, 1.5 வந்தால் நிம்மதி. உங்கள் பேரலில் 100 கிரெய்னுக்கு 1.5 வருகிறது. 105க்கு 0.92தான். அதே குண்டை 1:8 பேரலில் போட்டால் 1.4க்கு மேல் ஏறிவிடும், 1:7.5இல் 1.6.

மருந்து விஷயம்: வேகம் விநாடிக்கு 2,800 அடியிலிருந்து 3,000 ஆனாலும் இந்த எண் 2 சதவீதம்தான் ஏறும். அழுத்தத்தை எல்லை மீற விட்டு ஆபத்தை விலைக்கு வாங்காதீர்கள்.

இதே பாடத்தை ஒரு கம்பெனியே படித்திருக்கிறது. 1955இல் .243 வின்செஸ்டரும் .244 ரெமிங்டனும் ஒன்றாக வந்தன. ரெமிங்டன் 1:12 ட்விஸ்ட் வைத்தது. லேசான குண்டுக்கு அது போதும். மான் வேட்டைக்காரர்கள் 100 கிரெய்ன் கேட்டார்கள், எல்லாரும் .243 பக்கம் போய்விட்டார்கள். 1963இல் ரெமிங்டன் அதையே 1:9 ட்விஸ்டோடு 6 மிமீ ரெமிங்டன் என்று பெயர் மாற்றி விற்றது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். எண் 1.1, 1.2 என்று வந்தால் 100 கஜத்தில் ஓட்டை வட்டமாகவே விழலாம். நம்பிவிடாதீர்கள். குண்டு லேசாகத் தள்ளாடிக்கொண்டே போகும், காற்றின் இழுவை கூடும், 500 கஜத்தில் நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் கீழே இறங்கியிருக்கும். நெஞ்சுக்கு வைத்த குறி காலில் படும். மலையில் காற்று மெல்லியது, அங்கே தப்பித்த குண்டு பள்ளத்தாக்கில் குளிர்ந்த காலையில் ஏமாற்றும். தூரம்தான் வேண்டும் என்றால் 1:8 பேரல் மாற்றுங்கள். இல்லையென்றால் 100 கிரெய்னோடு 300 கஜத்துக்குள் நில்லுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கேள்வி: எடை அதேதான், ஈயத்துக்குப் பதில் முழுச் செம்புக் குண்டு. ட்விஸ்ட் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

பதில்: கட்டாயம். ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 8.96. அதே எடைக்குச் செம்பு நீண்டுவிடும். பெட்டி மேல் இருந்த எடையை மட்டும் பார்த்து ஒருமுறை செம்புக் குண்டு வாங்கினேன். முதல் மூன்று வெடியில் இரண்டு தாளிலேயே படவில்லை. அன்று முதல் நீளம் அளக்காமல் எந்தக் குண்டையும் நான் தோட்டாவில் பொருத்துவதில்லை.

கேள்வி: அப்படியானால் எல்லாருமே 1:7 வாங்கிவிடலாமே?

பதில்: கனமான குண்டு மட்டும் சுடுபவர் வாங்கலாம். 3,000 அடி வேகத்தில் 1:8 பேரல் குண்டை நிமிடத்துக்கு 2,70,000 சுற்று சுழற்றுகிறது. 1:7 அதைவிட அதிகம். மெல்லிய மேலுறை போட்ட லேசான குண்டு அந்தச் சுழற்சியில் வழியிலேயே பிய்ந்துபோகக்கூடும்.

கேள்வி: என் பேரலின் ட்விஸ்டை வீட்டில் அளக்க முடியுமா?

பதில்: முடியும். உள்ளே தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு போல்ட்டைக் (பேரலின் பின்பக்கத்தை மூடும் பாகம்) கழற்றுங்கள். கைப்பிடி தானாகச் சுழலும் துடைப்புக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே தள்ளுங்கள். கம்பியின் மேல்பக்கம் ஒரு கோடு போட்டு மெதுவாக இழுங்கள். கோடு ஒரு சுற்று சுற்றி மறுபடி மேலே வரும்வரை கம்பி நகர்ந்த தூரம்தான் ட்விஸ்ட். துணி வழுக்கினால் கணக்குத் தப்பும், அதனால் மூன்று முறை செய்யுங்கள். 1:10 என்று பொறித்த ஒரு பேரலை நான் அளந்தபோது 10¾ அங்குலம் வந்தது. அதில் 1.5 என்று கணக்குப் போட்ட குண்டுக்கு உண்மையில் கிடைப்பது 1.3தான்.