பிளாங்க் நீளம் போதவில்லையா? ராடு கட்டுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

சொந்தமாக மீன்பிடி ராடு (தூண்டில் கோல்) கட்டுபவர்கள் அனுப்பிய கேள்விகளில் இந்த முறை பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருந்தன. கையில் இருக்கும் பிளாங்க் (கைப்பிடியும் வளையங்களும் மாட்டாத வெறும் தண்டு) சற்றுக் குட்டையாக இருக்கிறது, அதை நீட்ட முடியுமா? முடியும். ஆனால் எந்தப் பக்கம் நீட்டுகிறோம், ஒட்டு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது நல்ல ராடா, வீணான வேலையா என்பது முடிவாகும்.

அண்ணா, என்னிடம் 7 அடி கார்பன் பிளாங்க் ஒன்று இருக்கிறது. கடற்கரையில் நின்று இரண்டு கையாலும் வீச 8 அடி வேண்டும். நுனியில் நீட்டுவதா, கைப்பிடிப் பக்கம் நீட்டுவதா? (தூத்துக்குடி)

கைப்பிடிப் பக்கம்தான் தம்பி. ஒரு பிளாங்கின் குணம் முழுவதும் அது நுனியை நோக்கிச் சிறுத்துப் போகும் விதத்தில் இருக்கிறது. எந்த இடத்தில் வளையத் தொடங்க வேண்டும், எங்கே விறைத்து நிற்க வேண்டும் என்பதையெல்லாம் செய்தவர் அந்தச் சரிவிலேயே வைத்துவிட்டார். நுனியில் ஒரு துண்டு சேர்த்தால் அந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். கைப்பிடிக்குள் மறையும்படி சேர்த்தால் மாறாது.

ஆனால் கைப்பிடிப் பக்கம் நீட்டுவதிலும் இரண்டு வகை உண்டு. பலர் தவறுவது இங்கேதான். 30 செ.மீ. துண்டைச் சேர்த்துவிட்டு, ரீல் சீட்டை (நரம்பு சுற்றும் ரீலைப் பொருத்தும் பிடியை) பிளாங்கில் அது இயல்பாக வரவேண்டிய இடத்திலேயே வைத்தால், நீளுவது கைப்பிடி மட்டும். ரீலுக்கு முன்னால் இருக்கும் பகுதி அப்படியே இருக்கும். இரண்டு கைக்கும் நடுவே இடைவெளி கூடுவதால் வீசும்போது கீழ்க்கையால் நன்றாக இழுக்க முடியும். பெரிய மீன் மாட்டினாலும் பிடிமானம் கிடைக்கும். உங்களுக்குத் தேவை பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ரீல் சீட்டையும் புதுத் துண்டின் மேல் இறக்கினால் கதை வேறு. அப்போது ரீலுக்கு முன்னால் உள்ள நீளம் கூடும், ராடும் மென்மையாகிவிடும். சீரான தடி ஒன்றை ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் எடை தொங்கவிட்டால், வளைவு நீளத்தின் மும்மடிக்கு (நீளம் × நீளம் × நீளம்) ஏற்பக் கூடும். அதாவது நீளம் 10 சதவீதம் கூடினால் வளைவு 33 சதவீதம் கூடும். பிளாங்க் சீரான தடி இல்லை, அதனால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் போக்கு இதுதான்.

ஒட்டின் மீது விழும் பாரத்தையும் பாருங்கள். இரண்டு கையாலும் பிடித்திருக்கும்போது வளைக்கும் விசை முன்கையில், அதாவது ரீல் பக்கம் பிடித்த கையில், உச்சமாக இருக்கும். அங்கிருந்து குறைந்துகொண்டே போய், அடிமுனையைப் பிடித்த பின்கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். ஒட்டு இரண்டு கைக்கும் நடுவில் விழுந்தால் அதற்கு ஏறக்குறைய பாதிப் பாரம்தான் வரும். ஒட்டு முன்கைக்கு முன்னால் வந்தால் ராடிலேயே அதிகம் உழைக்கும் இடத்தில் அதை வைத்ததாக ஆகிவிடும். ஆகவே ரீல் சீட் பழைய பிளாங்கின் மேலேயே இருக்கட்டும், ஒட்டு அதற்குப் பின்னால் வரட்டும்.

எவ்வளவு நீட்டுவது என்பதற்கு அளவுகோலே வேண்டாம். அடிமுனையை அக்குளில் வைத்துக் கையை இயல்பாக நீட்டுங்கள். கை எங்கே விழுகிறதோ அதுதான் ரீலின் இடம். பெரியவர்களுக்கு இது பொதுவாக 60 முதல் 70 செ.மீ. வரும். அதைத் தாண்டி நீட்டினால் உடம்பில் இடிக்கும்.

ஒட்டை உள்ளே சொருகிப் போடுவதா, வெளியே குழாய் மாட்டிப் போடுவதா? என்ன பொருள் நல்லது? எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும்?

இரண்டும் செய்யலாம், நான் உள்ளே சொருகுவதையே விரும்புகிறேன். வெளியே குழாய் மாட்டினால் விட்டம் கூடிவிடும். அப்புறம் கைப்பிடி நுரையும் அடிமூடியும் அதன் மேல் ஏறாது.

பொருளைப் பொறுத்தவரை, ஒடிந்துபோன பழைய ராடின் கைப்பிடிப் பகுதிதான் முதல் தேர்வு. அதுவும் சரிவுள்ள குழாய் என்பதால் உள்ளே போகும்போது நீளம் முழுவதும் ஒட்டிப் பிடிக்கும். அமெரிக்காவில் ராடு கட்டுபவர்கள் பழைய கோல்ஃப் மட்டையின் தண்டை வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். கோல்ஃப் தண்டின் தடித்த முனை பொதுவாக 0.600 அங்குலம், அதாவது 15 மி.மீ.க்குச் சற்று மேல். மறுமுனை 9 மி.மீ. அளவுக்குச் சிறுத்துவிடும். இடையில் உங்களுக்குப் பொருந்தும் இடம் எங்காவது கிடைக்கும். கார்பன் தண்டாகப் பார்த்து எடுங்கள். ஸ்டீல் தண்டுகள் பெரும்பாலும் படிப்படியாகச் சிறுக்கும், கனமும் அதிகம்.

உள்ளே போகும் நீளத்துக்கு என் கணக்கு, அந்த இடத்து விட்டத்தைப்போல 7 அல்லது 8 மடங்கு. 15 மி.மீ. பிளாங்குக்கு 11, 12 செ.மீ. போதும். அதைவிட முக்கியம் பொருத்தம். பசை போடாமல் சொருகிச் சுற்றி எடுத்தால் எங்கே உரசுகிறது என்று பளபளப்பில் தெரியும். அந்த இடத்தை மட்டும் 220 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள், மறுபடி சொருகுங்கள், மறுபடி தேயுங்கள். கடைசியில் சுற்றிலும் தாள் கனத்துக்கு மட்டும் இடைவெளி இருக்க வேண்டும். ஆட்டிப் பார்த்தால் கடகடவென்று ஆடக்கூடாது. இடைவெளி பெரிதாக இருந்தால் சிலர் மாஸ்கிங் டேப் சுற்றி நிரப்புகிறார்கள். வேண்டாம். டேப் நெகிழும், ஒட்டின் பாரத்தை அது தாங்காது. கட்டும் நூலைச் சுற்றி எபாக்சியில் (இரண்டு பகுதிகளைக் கலந்து போடும் பசையில்) ஊறவைத்து, காய்ந்தபின் தேய்த்து அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

செய்ய மறக்கும் வேலைகள் இரண்டு உண்டு. ஒன்று, உள்ளே போகும் துண்டின் முனையைப் பென்சில் சீவுவதுபோல் மெல்லச் சரித்துவிடுவது. வெட்டிய விளிம்பு அப்படியே நின்றால், விறைப்பான இடமும் மென்மையான இடமும் திடீரென்று சந்திக்கும். பிளாங்க் பிளப்பது அந்தக் கோட்டில்தான். இன்னொன்று, பிளாங்கின் வாய்ப்பகுதியைச் சுற்றி இரண்டு, மூன்று செ.மீ.க்கு நூல் கட்டி எபாக்சி பூசுவது. வளையும்போது உள்துண்டு வாயை அகலத் திறக்கப் பார்க்கும், அதைத் தாங்குவது இந்தக் கட்டுதான்.

வெட்டும்போது குழாய் வெட்டும் கருவியைத் தொடாதீர்கள், அது பிளாங்கை நசுக்கிவிடும். டேப் சுற்றிவிட்டு, பல் நெருக்கமான ஆக்சா பிளேடால் மெதுவாக, சுழற்றிச் சுழற்றி அறுங்கள். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போட்டுக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

ஐந்து நிமிடத்தில் காயும் எபாக்சி போதுமா சார்?

போதாது. என் ஆரம்ப நாட்களில் அவசரத்தில் அப்படி ஒட்டிய கைப்பிடி ஒன்று, இரண்டு மாதம் உழைத்துவிட்டு வெயில் உச்சியில் வீசும்போது கழன்று கையோடு வந்தது. சீக்கிரம் காயும் பசை வெப்பத்திலும் ஈரத்திலும் இளகும். நேராக வைத்துப் பார்ப்பதற்குள் இறுகியும்விடும். மெதுவாகக் காயும் இருபகுதி எபாக்சியை வாங்கி, இரண்டையும் சரிசமமாக அளந்து கலக்குங்கள், கலவை விகிதம் வேறாக டப்பாவில் எழுதியிருந்தால் அதன்படி. இரு பக்கமும் ஸ்பிரிட்டால் துடைத்து, இரு பக்கமும் பூசி, திருகிக்கொண்டே சொருகுங்கள். உள்துண்டு திடமான குச்சியாக இருந்தால் நீளவாக்கில் ஒரு மெல்லிய பள்ளம் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே சிக்கிய காற்று, நீங்கள் கையை எடுத்ததும் துண்டை வெளியே தள்ளும். ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள்.

அலுமினியக் குழாய் மலிவாகக் கிடைக்கிறது. அதைப் போடலாமா? (ராமேஸ்வரம்)

உப்புத் தண்ணீரில் வேண்டாம். கார்பனும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகும். குளத்தில் விரால் பிடிக்கும் கண்ணாடி இழை ராடுக்கு என்றால் போடலாம், கனத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கார் கதவில் மாட்டி நுனி 10 செ.மீ. ஒடிந்துவிட்டது. அதே நீளத்துக்குத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

முடியும். ஆனால் முதலில் அப்படியே ஒரு புது நுனி வளையம் மாட்டி வீசிப் பாருங்கள். 10 செ.மீ. போனதால் ராடு சற்று விறைப்பாகும், கொஞ்சம் கூடுதல் எடையுள்ள லூரை (செயற்கை இரையை) நன்றாக வீசும். பலருக்கு அதுவே பிடித்துப்போகிறது.

திரும்ப வேண்டுமென்றால், வேறொரு ஒடிந்த ராடின் நுனிப்பகுதியை எடுத்து, அதன் உள்வாய் உங்கள் நுனியின் மேல் தொப்பிபோல் 4, 5 செ.மீ. மூடும்படி வெட்டுங்கள். நுனியில் பாரம் குறைவு, அதனால் இந்த நீளம் போதும். ஒட்டியபின் விளிம்பில் நூல் கட்டுங்கள். பழைய நீளத்துக்கு மேல் போக ஆசைப்படாதீர்கள். நுனியில் கூடும் ஒவ்வொரு கிராமும் வீசியபின் ராடு நிலைக்கு வரும் நேரத்தைக் கூட்டும். வீசியபின் நுனி தள்ளாடிக்கொண்டே இருந்தால் தூரமும் போகாது, குறியும் நிற்காது.

கைடுகளின் (நரம்பு ஓடும் வளையங்களின்) இடத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். கைடுகளை டேப்பால் மட்டும் ஒட்டி, நரம்பைக் கோத்து, ஒருவரை இழுக்கச் சொல்லி ராடை வளையுங்கள். நரம்பு பிளாங்கின் வளைவை ஒட்டியே போக வேண்டும். எங்காவது குறுக்கு வழியில் நேர்க்கோடாகத் தாண்டினால் அங்கே கைடு பற்றாது.

மூன்று துண்டு ராடு என்று சொல்கிறார்களே, அதுபோல நடுவில் ஒரு துண்டு சேர்த்தால்?

அவை அச்சிலேயே அப்படி வடிவமைக்கப்பட்டவை. நடுவில் நீங்கள் சேர்க்கும் துண்டின் இரு முனை விட்டமும் இரண்டு பக்கத்தோடும் பொருந்த வேண்டும் என்பதால், அது அநேகமாகச் சரிவே இல்லாத குழாயாகத்தான் இருக்கும். வளைவு அந்த இடத்தில் நேராக நின்றுவிடும், பாரம் முழுவதும் அதன் இரு ஓரத்திலும் குவியும். அந்தக் காசுக்கு நீளமான பிளாங்க் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

நீட்டிய ராடைப் பயன்படுத்தும்போது வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

கார்பன் மின்சாரம் கடத்தும். பாலத்திலும் குளக்கரையிலும் கைக்குப் பழகிய பழைய நீளத்தை மனதில் வைத்துக்கொண்டு ராடைத் தூக்கிவிடுவோம். தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டுத் தூக்குங்கள். இடி மின்னல் தொடங்கினால் ராடைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.