வீட்டுக்குப் பின்னால் பங்க் விரிவாக்கம்: எதை அளக்க வேண்டும்?

புதிதாக ஒரு டேங்கும் இரண்டு பம்புகளும் வருகின்றன, வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கிறது, புகைதான் கூடுமா என்று கேட்டிருந்தீர்கள். வண்டிப் புகையைவிட பெட்ரோல் ஆவியைத்தான் முதலில் பாருங்கள், அதில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோய் தரும் பொருள். டேங்கர் இறக்கும்போது வென்ட் பைப்பின் (டேங்கின் ஆவி வெளியேற மேலே நிற்கும் குழாய்) நுனியைக் கவனியுங்கள், காற்று கானல்போல் நெளிந்தால் டேங்குக்குள் இருந்த ஆவி வெளியே வருகிறது என்று அர்த்தம். அதைத் திரும்ப டேங்கருக்கே அனுப்பும் குழாய் உண்டா, நாசிலில் ஆவியை உறிஞ்சும் வசதி உண்டா, மாதம் எத்தனை கிலோலிட்டர் விற்பனை கூடும் என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் தூரம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் புதிய பங்குகளுக்குச் சொன்னது, குடியிருப்பிலிருந்து 50 மீட்டர், இடமில்லாவிட்டால் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டர். உங்களுடையது பழைய பங்க், இருந்தாலும் ஆட்சேபணை மனுவில் அதையே அளவுகோலாக வையுங்கள். காம்பவுண்டிலிருந்து அளக்காதீர்கள், வென்ட் பைப், பம்பு, டேங்க் நிரப்பும் இடம், இதில் எது கிட்டேயோ அங்கிருந்து அளக்க வேண்டும்.

பென்சீனுக்கு நம் நாட்டு வரம்பு ஆண்டுச் சராசரியாக கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஒருநாள் அளவை வைத்து யாராவது சரி என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலை தொடங்கும் முன்பே உங்கள் மொட்டைமாடியில் ஓர் அளவு எடுத்து வைத்துவிடுங்கள்.