பண்ட் அடித்தால் பந்து ஏன் எழும்புகிறது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி சாஃப்ட்பால் அணியில் ஆடுகிறாள். பண்ட் செய்தால், அதாவது மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டி அருகிலேயே தரையில் உருளவிட முயன்றால், பந்து மேலே எழும்பி கேட்ச் ஆகிவிடுகிறது. வீட்டில் என்ன பயிற்சி தரலாம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பந்து தாழ்வாக வந்ததும் முழங்காலை மடக்காமல் மட்டையின் நுனியை இறக்குகிறாள், அதனால்தான் பந்து எழும்புகிறது, அம்மா. பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் செய்வது இதைத்தான். நானும் செய்து திட்டு வாங்கியவள். நுனி எப்போதும் கைப்பிடியைவிடச் சற்று மேலேயே இருக்க வேண்டும்.

முதல் வாரம் மட்டையே வேண்டாம். மேல் கையில் (மட்டையைப் பிடிக்கும்போது மேலே இருக்கும் கை) கிளவுஸ் மாட்டி, பண்ட் நிலையில் நின்று, நீங்கள் மெதுவாகப் போடும் பந்தைப் பிடிக்கட்டும். பிறகு அதே கையில் மட்டை. இடிக்கக் கூடாது, பந்தை 'வாங்க' வேண்டும். மட்டைக்குப் பின்னால் விரல்களை மடக்கிக்கொள்ளட்டும், நீட்டினால் நசுங்கும்.

அடுத்து, ஹோம் பிளேட்டிலிருந்து (அடிப்பவர் நிற்கும் இடத்துத் தட்டு) பத்தடியில் கோலமாவால் இரண்டு வட்டம், முதல் பேஸ் பக்கம் (அவளுக்கு வலப்புறம்) ஒன்று, மூன்றாவது பேஸ் பக்கம் (இடப்புறம்) ஒன்று. தினம் இருபது பந்து போதும். வட்டத்தில் போய் நின்றால்தான் கணக்கு.

இரண்டு ஸ்ட்ரைக் (அடிப்பவர் கணக்கில் சேரும் தவறு) ஆனபின், பண்ட் செய்த பந்து கோட்டுக்கு வெளியே போய் ஃபவுலானால் அவுட். அதையும் சொல்லிவையுங்கள்.