அமெரிக்கக் கிராமியப் பாணியான கன்ட்ரி இசையின் ரசிகர்கள் கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்டுக்கு ஏன் தேடிப் போகிறார்கள்?

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஹில்டன்ஸ் பக்கத்து மலையடிவாரத்தில் இருக்கும் இசைக்கொட்டகை அது. ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, உறவினர் மேபெல் மூவரும் சேர்ந்த குழுதான் கார்ட்டர் ஃபேமிலி. 1927-ல் பிரிஸ்டல் நகரில் தங்கள் முதல் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். மேபெல் கட்டைவிரலால் கிட்டாரின் தடித்த கம்பிகளில் மெட்டை வாசித்தபடியே, இன்னொரு விரலால் மெல்லிய கம்பிகளை வருடித் தாளம் கொடுப்பார். இரண்டு பேர் வாசிப்பதுபோலவே கேட்கும்!

அப்பா ஏ.பி.க்குக் கொடுத்த வாக்குக்காக மகள் ஜேனட் 1974-ல் அவருடைய பழைய மளிகைக்கடையிலேயே கச்சேரி தொடங்கினார். கூட்டம் கடைக்குள் அடங்கவில்லை. 1976-ல் கொட்டகை எழுந்தது. சனிக்கிழமை இரவுதான் கச்சேரி. மின்சார வாத்தியங்களுக்கு இடமில்லை. அந்த இசையை அதன் சொந்த மண்ணில், அதே எளிமையோடு கேட்கலாம் என்பதுதான் பெரிய ஈர்ப்பு. ஏ.பி. பிறந்த மரக்குடிசையும் அங்கேயே நிற்கிறது.

புகழ்பெற்ற கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் கடைசியாக மேடையேறியதும் இங்கேதான், 2003 ஜூலையில். அவர் மனைவியும் மேபெலின் மகளுமான ஜூன் இறந்து 2 மாதம்கூட ஆகியிருக்கவில்லை.