ஈமேக்ஸ் எடிட்டருக்காக அதன் மொழியான எலிஸ்ப்பில் எழுதிய நிரலை மற்றவர்கள் நிறுவிக்கொள்ளும் பேக்கேஜாக வெளியிடுவது எப்படி?

நிரல் ஒரே கோப்பில் அடங்கிவிட்டால் தனியாக எதையும் கட்டித் தரத் தேவையில்லை. ஈமேக்ஸ் 24 முதல் கூடவே வரும் பேக்கேஜ்.எல் என்ற நிறுவி, கோப்பின் தலைப்பு வரிகளைப் படித்தே பெயர், பதிப்பு, சார்புகள் (அதற்குத் தேவையான மற்ற பேக்கேஜ்கள்) எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளும். ஆகவே அந்த வரிகளில்தான் முதல் கவனம் வேண்டும்.

கோப்பு நாள்குறி.எல் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியில் மூன்று அரைப்புள்ளி, கோப்பின் பெயர், மூன்று சிறுகோடு, சுருக்கமான விளக்கம். அதே வரியின் கடைசியில், மாறியை அது எழுதப்பட்ட இடத்தை வைத்துத் தேடச் சொல்லும் லெக்சிகல்-பைண்டிங் குறிப்பு. அதைக் கீழே இறக்கினால் ஈமேக்ஸ் கண்டுகொள்ளாது. ஈமேக்ஸ் 30 வரை நிரல் பழைய டைனமிக் முறையில் ஓடும். லாம்ப்டா (பெயரில்லா ஃபங்ஷன்) தனக்கு வெளியே உள்ள மாறியைப் பிடித்துவைக்காமல் 'வாய்டு வேரியபிள்' என்று நிற்கும். அடுத்து வெர்ஷன், பேக்கேஜ்-ரிக்வயர்ஸ் வரிகள். பின்னதில் ஈமேக்ஸின் குறைந்தபட்சப் பதிப்பையும் எழுதுங்கள். கடைசியில் நூலகத்தின் பெயரை அறிவிக்கும் ப்ரொவைட், அதன் கீழ் 'எண்ட்ஸ் ஹியர்' வரி. பழைய ஈமேக்ஸ்கள் இந்தக் கடைசி வரி இல்லாத கோப்பைப் பேக்கேஜாகவே ஏற்காது.

எலிஸ்பில் நேம்ஸ்பேஸ் கிடையாது. எல்லாப் பெயரும் 'நாள்குறி-' என்றே தொடங்கட்டும். உள்வேலைக்கான ஃபங்ஷன்களுக்கு இரட்டைச் சிறுகோடு போடுவது வழக்கம்.

பயனர் நேரடியாக அழைக்கும் கட்டளைக்கும் மேஜர் மோடுக்கும் மட்டும் மேலே, முதல்முறை அழைக்கும்போது கோப்பைத் தானாக ஏற்றும் ஆட்டோலோடு குறி போதும். எல்லா ஃபங்ஷனுக்கும் போடுவது வீண். ஹூக்கிலோ கீபைண்டிங்கிலோ கைவைக்கும் வரிக்கு மேல் போட்டால், பயனர் கேட்காமலேயே ஈமேக்ஸ் திறக்கும்போதெல்லாம் அது ஓடும். அது மரியாதையில்லாத வேலை.

சொந்த ஈமேக்ஸில் சோதித்தால் நிச்சயம் ஏமாறுவீர்கள். உங்கள் இனிட் கோப்பு (தொடக்க அமைப்புகள் உள்ள கோப்பு) ஏற்கெனவே பாதி நூலகங்களை ஏற்றிவைத்திருக்கும். விட்டுப்போன ரிக்வயர் (நூலகத்தை ஏற்றும் வரி) தெரியவே தெரியாது. ஈமேக்ஸ் 29 முதல் உள்ள இனிட்-டைரக்டரி ஆப்ஷனுக்கு ஒரு காலி அடைவைக் கொடுத்துத் திறந்து, பேக்கேஜ்-ரிஃப்ரெஷ்-கன்டென்ட்ஸ் ஓட்டி, பிறகு பேக்கேஜ்-இன்ஸ்டால்-ஃபைல் மூலம் நிறுவுங்கள். மெல்பா என்ற பேக்கேஜ் களஞ்சியத்தில் மட்டும் கிடைக்கும் சார்பு இருந்தால் முதலில் மெல்பாவையும் சேர்க்க வேண்டும். இங்கே அடிக்கடி மாட்டுவது மேக்ரோ, அதாவது கம்பைல் நேரத்திலேயே வேறு நிரலாக விரிவது. பைட்-கம்பைல் ஆகும் நேரத்தில் மேக்ரோ ஏற்றப்படாவிட்டால் கம்பைலர் அதைச் சாதாரண ஃபங்ஷன் அழைப்பாக எழுதிவிடும். பிறகு, மேக்ரோ ஏறியிருக்கும் நிலையில் ஓட்டினால் 'இன்வாலிட் ஃபங்ஷன்' என்று வரும். மேக்ரோ உள்ள கோப்பை மேலேயே ரிக்வயர் செய்து, பழைய .எல்சி (கம்பைல் ஆன) கோப்புகளை அழித்து, மறுபடி நிறுவினால் சரியாகும். வெளியிடும் முன் பேக்கேஜ்-லிண்ட் (பேக்கேஜ் விதிகளைச் சரிபார்ப்பது), செக்டாக் (விளக்கக் குறிப்புகளைச் சரிபார்ப்பது) இரண்டையும் ஓட்டிவிடுங்கள்.

எங்கே வெளியிடுவது? மெல்பாவுக்குப் பேக்கேஜின் பெயரும் கிட் ரெப்போ முகவரியும் கொண்ட சிறு ரெசிபி கோப்பைப் புல் ரிக்வெஸ்டாக அனுப்ப வேண்டும். கட்டும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதன் பிறகு நீங்கள் புஷ் செய்வதெல்லாம் பயனரிடம் போகும், அரைகுறை வேலை உட்பட. பதிப்பு எண்ணும் தேதியாக மாறும்: 20240115.1030 போல. இது 2.1ஐவிடப் பெரிய எண் என்பதால், மெல்பாவிலிருந்து, கிட் டேக் போட்ட பதிப்புகளை மட்டும் தரும் மெல்பா ஸ்டேபிளுக்கு மாறியவருக்குப் புதிய டேக் 'அப்கிரேடாக' வராது. பேக்கேஜ்-ரிக்வயர்ஸில் தேதிப் பதிப்பை எழுதினாலோ ஸ்டேபிள் மட்டும் வைத்திருப்பவரால் நிறுவவே முடியாது. டேக் எண்ணையே எழுதுங்கள்.

ஈமேக்ஸின் அதிகாரபூர்வக் களஞ்சியமான குனு எல்பாவுக்குப் பதிப்புரிமையை (காப்பிரைட்) எஃப்எஸ்எஃப் என்ற ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைக்கும் பத்திரம் வேண்டும். கணிசமாகப் பங்களித்த மற்றவர்களிடமும் கேட்பார்கள். அதன் துணைக் களஞ்சியமான நான்-குனு எல்பாவுக்கு அந்தப் பத்திரம் தேவையில்லை. ஈமேக்ஸ் 28 முதல் அது இயல்பாகவே பட்டியலில் இருக்கிறது, பயனர் இனிட் கோப்பைத் தொட வேண்டாம். புதியவருக்கு என் பரிந்துரை இதுதான். இரண்டு எல்பாவிலும் வெர்ஷன் வரி மாறினால்தான் புது வெளியீடு வரும். திருத்தத்தைப் புஷ் செய்துவிட்டு எண்ணை ஏற்ற மறந்தால் யாருக்கும் போய்ச் சேராது.

நாலைந்து நண்பர்களுக்கு மட்டும் என்றால் இவை எதுவும் வேண்டாம். ஈமேக்ஸ் 29 வைத்திருப்பவர்கள் பேக்கேஜ்-விசி-இன்ஸ்டால் கட்டளைக்கு உங்கள் கிட் முகவரியைக் கொடுத்தால் போதும்.