நிமிடக் கணக்கை நீக்கியும் ஊழியர்களிடம் ஊக்கம் வரவில்லையா?

வணக்கம். ஸ்வீடனில் உங்கள் நகராட்சியின் முதியோர் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில், ஊழியர்கள் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை நிமிடம் செலவிடுகிறார்கள் என்று பார்க்கும் நிமிடக் கணக்கை நீக்கிய பிறகும், ஊழியர்கள் எதற்கெடுத்தாலும் உங்களிடமே அனுமதி கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கண்காணிப்பை எடுத்தீர்கள், சரி. முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்தீர்களா?

நெதர்லாந்தில் 2006இல் தொடங்கிய, செவிலியர்கள் வீட்டுக்கே சென்று பராமரிக்கும் பியூர்ட்சோர்க் அமைப்பைப் பாருங்கள். ஒரு குழுவில் அதிகபட்சம் 12 பேர். யார் எந்த வீட்டுக்குப் போவது, யாருக்கு எப்போது விடுப்பு, யாரைப் புதிதாகச் சேர்ப்பது எல்லாம் குழுவே முடிவு செய்கிறது. மேலாளர் கிடையாது, சிக்கல் வந்தால் கூப்பிட ஒரு பயிற்றுநர் உண்டு. அந்தத் துணை ரொம்ப முக்கியம். அது இல்லாவிட்டால் ஊழியர்கள் தங்களைக் கைவிட்டதாகத்தான் நினைப்பார்கள்.

முதலில் வாராந்திரப் பணி அட்டவணையை மட்டும் ஒரு குழுவிடம் முழுசாக விடுங்கள். அப்புறம், முதல் தவறு நடந்ததும் அதைத் திரும்பப் பிடுங்காமல், அவர்களோடு உட்கார்ந்து பேசிச் சரிசெய்யுங்கள்.