முதலில் எடை, அப்புறம் மற்றதெல்லாம்

கேள்வி: எனக்கு வயது 24. பிறந்து 22 நாளான என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும்போல் தெரிகிறது என்று டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார். இன்னும் ரிசல்ட் வரவில்லை. இதயத்தில் சத்தம் இல்லை, பயமில்லை என்றார்கள். பால் குடிக்கும்போதே தூங்கிவிடுகிறான். பிறந்தபோது 2.600 கிலோ, நேற்று 2.550. அத்தை மகனைக் கட்டியதால்தான் இப்படி என்கிறது ஊர். கிரகணத்தன்று நான் வெளியே போனதைச் சொல்கிறார் அத்தை. அடுத்த குழந்தைக்கும் வருமா? இவன் நடப்பானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல்

பதில்: மகன் பிறந்ததற்கு முதலில் வாழ்த்துகள். இந்த 22 நாளில் அதை உங்களிடம் எத்தனை பேர் சொன்னார்களோ தெரியவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கிரகணமல்ல, அந்த 2.550. பிறந்த குழந்தை முதல் வாரம் கொஞ்சம் இளைத்து, இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்பிவிட வேண்டும். பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். அந்தக் கணக்கில் இவன் 2.750ஐத் தாண்டியிருக்க வேண்டும். குரோமோசோம்களை, அதாவது உடலணுக்களில் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகளை, எண்ணிப் பார்க்கும் அந்த ரத்தச் சோதனையின் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். நாளைக்கே குழந்தை மருத்துவரிடம் எடையைச் சொல்லி, இதய எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுக்கச் சொல்லுங்கள்.

'சத்தம் இல்லை', அதாவது துடிப்போடு கூடுதல் இரைச்சல் கேட்கவில்லை என்பதை நம்பி இருந்துவிட முடியாது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும். இவர்களிடம் அதிகம் காணப்படுவது இதயத்தின் நடுவே, மேலறைக்கும் கீழறைக்கும் பொதுவாக விழும் பெரிய ஓட்டை. முதல் சில வாரங்களில் நுரையீரலில் அழுத்தம் அதிகம் என்பதால் ஓட்டை வழியாக ரத்தம் வேகமாகப் பாய்வதில்லை. ஸ்டெதாஸ்கோப்பில் அந்த இரைச்சல் கேட்காது. அழுத்தம் குறையக் குறைய நுரையீரலுக்கு ரத்தம் கொட்டும். அப்போதுதான் மூச்சிரைப்பும் எடைக்குறைவும் தலைகாட்டும். இதற்கான அறுவை சிகிச்சையைப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள் செய்வார்கள். தள்ளிப்போட்டால் நுரையீரல் ரத்தக் குழாய்கள் தடித்து, அறுவையே செய்ய முடியாத நிலை வரலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவைக்கு இடமுண்டு. மாவட்ட அரசு மருத்துவமனையின் ஆரம்பகால இடையீட்டு மையத்தில் கேளுங்கள். பால் குடிக்கையில் நெற்றி வியர்த்தாலோ, தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 60க்கு மேல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ அன்றே ஓடுங்கள். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலும் அப்படித்தான்.

பால் விஷயம். இவன் சோம்பேறியல்ல, தசைகள் தளர்வாக இருப்பதால் இழுக்கச் சீக்கிரம் களைத்துவிடுகிறான். பசிக்கு அழுவான் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு, இரண்டரை மணிக்கொரு முறை, இரவிலும், நீங்களே எழுப்புங்கள். துணியைத் தளர்த்தி, உள்ளங்காலைத் தேய்த்தால் விழிப்பான். தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, மூன்று விரலால் மார்பைத் தாங்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அவன் இரு கன்னத்திலும் படும்படி, தாடை அந்த இடுக்கில் உட்காரும்படி வைத்துக்கொள்ளுங்கள், வாய் நழுவாது. 15, 20 நிமிடத்துக்கு மேல் போராட வேண்டாம். மிச்சத்தைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுங்கள். கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 மில்லி என்று வைத்தால் இவனுக்கு 380 மில்லி. பத்து வேளையாகப் பிரித்தால், நேரடியாகக் குடிப்பதையும் சேர்த்து, வேளைக்கு 35 முதல் 40 மில்லி. எக்கோவில் குறை தெரிந்தால் டாக்டர் இந்த அளவை மாற்றுவார். பாலாடையைக் கீழுதட்டில் வைத்து, விழுங்கிய பிறகே அடுத்த மடக்கு, ஊற்றினால் புரையேறும். நாளில் ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும். எடையை வாரம் ஒருமுறை ஒரே தராசில் பாருங்கள்.

குளிப்பாட்ட ஆயா வந்தால் பக்கத்திலேயே இருங்கள். சப்பை மூக்கை எடுப்பாக்குகிறேன் என்று பிடிப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது, கைகாலை இழுத்து மாறுகால் போடுவது, தலைகீழாகத் தூக்குவது எதுவும் கூடாது. இவன் மூட்டுகளும் கழுத்தும் தளர்வானவை. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போகும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். மெதுவாக எண்ணெய் தடவுவதற்குத் தடையில்லை, தோல் வறட்சிக்கு அது நல்லதுதான்.

தைராய்டு சோதனையைப் பிறந்தபோது செய்தார்களா என்று கேளுங்கள். பிறகு 6 மாதத்தில், ஒரு வயதில், அதன்பின் ஆண்டுதோறும். தைராய்டு குறைந்தாலும் மந்தமும் மலச்சிக்கலும்தான் வரும், 'இந்தப் பிள்ளைகள் இப்படித்தான்' என்று விட்டுவிடுவார்கள். செவித்திறன், கண் சோதனைகளும் உண்டு. தடுப்பூசி எதையும் தள்ளிப்போடாதீர்கள். மூளைக்கு டானிக், ஸ்டெம் செல் என்று யார் வந்தாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஊர்ப்பேச்சுக்கு வருவோம். சொந்தத்தில் கட்டினால் வேறு சில பரம்பரை நோய்கள் வரலாம். இது அதனால் வருவதில்லை. கிரகணத்துக்கும் சம்பந்தமில்லை. 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்துவிடுவதுதான் காரணம். நூற்றில் 95 பேருக்குக் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகையில் தற்செயலாக நிகழ்வது. ரிசல்ட்டில் குரோமோசோம் எண்ணிக்கை வழக்கமான 46க்குப் பதில் 47 என்று இருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். உங்களுக்கும் கணவருக்கும் சோதனை தேவைப்படாது. உங்கள் வயதில் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம். 46 என்று இருந்து, ஒரு குரோமோசோம் இன்னொன்றோடு ஒட்டியிருப்பதாக எழுதியிருந்தால் கதை வேறு. அப்போது இருவரும் ரத்தம் கொடுத்துப் பார்த்த பிறகே பதில் சொல்ல முடியும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

இதே நிலையில் குழந்தை வளர்க்கும் மற்ற பெற்றோரோடு பேச விரும்பினால் சென்னையில் டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா இருக்கிறது.

நடப்பானா? நடப்பான், பலர் இரண்டு வயதையொட்டி; சிலருக்கு நான்கு வயதுவரை ஆகும். அதற்கான வேலை இப்போதே தொடங்குகிறது: விழித்திருக்கையில், பால் குடித்து அரை மணி கழித்து, உங்கள் மார்பின் மேல் இரண்டு மூன்று நிமிடம் குப்புறப் போடுங்கள், நாளில் நாலைந்து தரம். தொடைகள் தவளைபோல் அகன்று கிடந்தால் இரு பக்கமும் துண்டைச் சுருட்டி அணை கொடுங்கள். சக்கரம் வைத்த வாக்கரை யார் பரிசாகக் கொடுத்தாலும் பரணில் போட்டுவிடுங்கள்.